‘பேசிக்’ என்ற சொல்லை ஆணையம் பெயர்த்த வரலாறு

திருச்சி கே.கே. நகர் லின்சிக்கு ஸ்பெயின் நாட்டில், வலென்சியா என்ற ஊரிலிருந்த முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்தது. மார்ச் முதல் தேதி சேர வேண்டும். அன்றைக்கு வந்து நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று ஏஜென்ட் முதல் நாளே சொல்லிவிட்டார். லின்சிக்கு இருபத்தொன்பது வயது. ஆறு வருஷமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதற்கு முன் இரண்டு வெளிநாட்டு வேலைகள் கைக்கு வந்து நழுவியிருந்தன. ஒன்று கொரோனாவில் போயிற்று. இன்னொன்றில் விசா வருவதற்குள் அந்த ஆஸ்பத்திரியையே மூடிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் பிறகு எதற்கும் மனு போடுவதில்லை என்று அவள் தன் அம்மா லூர்துராணியிடம் சொல்லியிருந்தாள்.

இல்லம் கேட்ட சான்றிதழ்களில் எட்டு தயாராகிவிட்டன. ஒன்பதாவது மிகச் சின்னது. மயங்கி விழுந்தவரின் நெஞ்சை அழுத்தி மூச்சைத் திருப்புவது, தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டவரை மீட்பது போன்றவற்றை ஆறு மணி நேரத்தில் சொல்லித்தரும் பயிற்சிக்கு உரியது. ‘பேசிக் லைஃப் சப்போர்ட்’ என்று அதற்குப் பெயர். அதை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து அரசு முத்திரையோடு அனுப்ப வேண்டும்.

லின்சிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவள் பாலக்கரை சம்ரீன். மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தவள். அவள் சான்றிதழை வாங்கி நான்கு நிமிஷத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தாள். அதில் மூன்று நிமிஷம் பிரின்டர் எடுத்துக்கொண்டது.

“சோப்போர்த்தே வித்தால் பாஸிகோ. பேசிக்குன்னா பாஸிகோ. கடைசில ஒரு ஓ போட்டா ஸ்பானிஷ் ஆயிடுச்சு” என்றாள்.

“இவ்ளோதானாக்கா?”

“இவ்ளோதான். ஆணையத்துல போய் முத்திரை மட்டும் வாங்கிக்க. பத்து நிமிஷ வேலை.”

சம்ரீன் அதுவரை ஆணையத்துக்குப் போனதில்லை.

ஆணையம் என்றால் பன்மொழிச் சொல்லாக்க ஆணையத்தின் திருச்சி மண்டல அலுவலகம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. முகூர்த்த நாட்களில் கீழே நாதஸ்வரம் வாசிக்கும்போது மேலே வேலை நின்றுவிடும். நாளடைவில் முகூர்த்தம் இல்லாத நாட்களிலும் அந்த வழக்கம் நிலைபெற்றுவிட்டது.

நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை லின்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தாள். கண்காணிப்பாளர் அழகிரி காகிதத்தை வாங்கிக்கொண்டார். மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு ஆணையத்தின் அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியலை எடுத்தார். மூன்று தொகுதிகள், பன்னிரண்டாயிரம் சொற்கள்.

“சப்போர்ட் இருக்கு. லைஃப் இருக்கு. பேசிக்...” அவர் பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளினார். “பேசிக் இல்லையேம்மா.”

“எப்படி சார் இல்லாம போகும்? ரொம்ப சாதாரண வார்த்தையாச்சே.”

“அதனாலதான் இல்ல.” அழகிரி முன்னுரையைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். ‘அனைவரும் அறிந்த அடிப்படைச் சொற்கள் இப்பட்டியலில் தவிர்க்கப்பட்டுள்ளன’ என்று அச்சிட்டிருந்தது. “பேசிக்குங்கறது பேசிக்கான சொல். அதனால சேர்க்கல. சேர்க்காததால அங்கீகாரம் இல்ல. அங்கீகாரம் இல்லாத சொல்லுக்கு முத்திரை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. அணு உலை குளிரூட்டின்னு ஏதாவது இருந்தா இப்பவே வச்சுக் குடுத்துடுவேன்.”

“அப்ப நான் என்ன சார் செய்யறது?”

“புதுச்சொல் விண்ணப்பம் போடுங்க. மூணு பிரதி. ஒரிஜினல் சான்றிதழ் கோப்புலயே இருக்கணும்.”

விண்ணப்பம் நான்கு பக்கம். சொல்லின் பெயர், பிறந்த நாடு, பால், தற்போதைய முகவரி, இதற்குமுன் வேறு மொழியில் பணியாற்றியதுண்டா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. ஆள் சேர்ப்புக்கு வைத்திருந்த படிவத்தைத்தான் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். பால் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று லின்சி சம்ரீனுக்குப் போன் செய்தாள். ‘ஆண்பால்’ என்றாள் சம்ரீன். முகவரி கட்டாயம் என்றார் அழகிரி. லின்சி யோசித்து, தன் வீட்டு முகவரியையே எழுதிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ‘திரு. பேசிக், மேற்பார்வை: லின்சி’ என்ற பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் லூர்துராணியிடம் கையெழுத்துக் கேட்டார். “யாரும்மா இது, புதுசா குடி வந்திருக்காரா?”

“எம்பொண்ணோட வந்தவருதான்” என்று பாதி கேட்டும் கேட்காமலும் லூர்துராணி சொல்லிவைத்தாள். தெருவில் அந்த வார்த்தையால் உண்டான விளைவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கே இடமில்லை.

தபாலில் இருந்த செய்தி: ‘தாங்கள் சமர்ப்பித்த ஸ்பானிஷ் சொல்லின் இரண்டாம் எழுத்தின் தலைமேல் சாய்வான கீறல் ஒன்று காணப்படுகிறது. அடித்தல், திருத்தல், மேலெழுதுதல் ஆகியவை உரிய சான்றொப்பமின்றி ஏற்கப்படா.’

லின்சி ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு சம்ரீனையும் கூட்டிக்கொண்டு போனாள்.

“சார், அது கீறல் இல்ல” என்றாள் சம்ரீன். “அந்த எழுத்தே அப்படித்தான். அந்த இடத்துல அழுத்திச் சொல்லணும்னு அடையாளம்.”

“அழுத்திச் சொல்லணும்னா வாயால அழுத்திச் சொல்லுங்க. காகிதத்துல எதுக்கு?” என்றார் அழகிரி. “எனக்குப் புரியுதும்மா. ஆனா நாளைக்கு ஆடிட்டுல ஒருத்தர் கேப்பாரு. எழுத்து மேல கோடு எப்படி வந்துச்சு, யார் போட்டாங்க, எந்தப் பேனான்னு.”

கடைசியில் முத்திரைத்தாளில், நோட்டரி முன்னிலையில், ‘மேற்படி கோடு மேற்படி எழுத்துக்குப் பிறவியிலேயே உள்ளது, யாராலும் பின்னர் சேர்க்கப்பட்டதன்று’ என்று சம்ரீன் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாள். அழகிரி ஸ்கேலை வைத்துக் கோட்டை அளந்து, ஒன்றரை மில்லிமீட்டர் என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. பொங்கல் வந்து போனது. பிப்ரவரி மூன்றாம் தேதி வல்லுநர் குழு கூடும் என்று திரு. பேசிக்குக் கடிதம் வந்தது.

குழுவின் தலைவர் மண்டல இயக்குநர் முனைவர் ஆனந்தவள்ளி. உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் கீழச்சித்திரை வீதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சம்ஸ்கிருதப் பேராசிரியர் கோவிந்தாச்சாரி. இன்னொருவர் அப்துல் ரஹீம், முப்பது வருஷம் பிரெஞ்சு கற்பித்தவர். ஸ்பெயின் பிரான்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் ஸ்பானிஷ் வல்லுநராக நியமிக்கப்பட்டிருந்தார்.

முனைவர் ஆனந்தவள்ளி எழுந்து நின்று பேசினார். எதிரே இருந்தவர்கள் ஐந்து பேர் என்றாலும் மைக் வைத்திருந்தார்கள்.

“நான் பொறுப்பேற்ற இந்த ஆறு ஆண்டுகளில் இந்த ஆணையம் ஒரு தவறான சொல்லைக்கூட வெளியிட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஏனென்றால் நாம் எந்தச் சொல்லையும் வெளியிடவில்லை. இப்படி ஒரு கட்டுப்பாடு வேறு எந்த ஆணையத்தில் உண்டு? அவசரப்பட்டுச் சொல்லைக் கொடுத்துவிடலாம். மக்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் திரும்பப் பெற முடியுமா?”

அழகிரி கைதட்டினார். மூன்று மாதம் இதற்காக அலைந்தவள் என்ற முறையில் லின்சியும் தட்டினாள்.

கோவிந்தாச்சாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “பேசிக்குங்கறது பீஜத்துலேர்ந்து வந்தது. பீஜம், பீஜிகம், பேஜிகம், பேசிக். சந்தேகமே வேண்டாம். ஸ்பெயின்காரா நம்மகிட்டேர்ந்து எடுத்துண்டு போயிருக்கா. நாம குடுத்ததை நாமளே எதுக்கு மொழிபெயர்த்துக் குடுக்கணும்? திருப்பிக் குடுங்கோன்னு ஒரு லெட்டர் போடலாம்.”

தலைவர் அதைக் குறித்துக்கொண்டு ரஹீமைப் பார்த்தார்.

“மேடம், நான் பிரெஞ்சுக்காரன்” என்றார் ரஹீம். “ஸ்பானிஷ் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டு விஷயத்துல நான் கருத்துச் சொல்றது நாகரிகமா இருக்காது. இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்துக்குள்ள விசாரிச்சுட்டு வர்றேன்.”

“மேடம், நான் சொல்லலாமா? எனக்கு ஸ்பானிஷ் தெரியும்” என்று சம்ரீன் கையைத் தூக்கினாள்.

தலைவரின் முகம் இறுகியது. “உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்றால் நீங்கள் ஒருதலைப்பட்சமானவர். உங்கள் கருத்தை நாங்கள் எப்படி ஏற்பது?” கோப்பைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “விண்ணப்பதாரர் பெண். சொல்லுக்கு ஏன் ஆண்பால் போட்டிருக்கிறீர்கள்?”

“அந்த வார்த்தை லின்சியோட சேரல மேடம். முன்னாடி இருக்கிற சோப்போர்த்தேவோட சேருது. சோப்போர்த்தே ஆண்.”

“யார் அந்த சோப்போர்த்தே?”

சம்ரீன் கோப்பிலிருந்த மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினாள்.

“ஒரு பெண் ஆறு மணி நேரம் உழைத்துப் பெற்ற சான்றிதழில் யாரோ ஒரு ஆணுக்காக ஆண்பால் எழுதுவதா? இந்த ஆணையம் இருக்கும்வரை அது நடக்காது” என்றார் தலைவர். “பாஸிகோவுக்குப் பெண்பால் என்ன?”

“பாஸிகா” என்று சம்ரீன் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

“பாஸிகா என்று பதிவு செய்யுங்கள்.” அழகிரி எழுதிக்கொண்டார். உபசரிப்புக்காக மெதுவடையும் காபியும் வந்தன.

நடந்ததை எல்லோரும் பிறகு ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். முனைவர் ஆனந்தவள்ளி வடையைக் கடித்துக்கொண்டே ஆணையத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நடுவில் பேச்சு நின்றது. முதலில் யாரும் கவலைப்படவில்லை. அழுத்தம் கொடுப்பதற்காக அவர் நிறுத்துவது வழக்கம்தான். கைகள் இரண்டும் கழுத்தைப் பிடித்துக்கொண்டன. முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. சத்தமே வரவில்லை.

“ஜலம் குடுங்கோ, ஜலம் குடுங்கோ” என்றார் கோவிந்தாச்சாரி.

“யா அல்லாஹ், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!” என்று ரஹீம் எழுந்தார்.

“அலுவலகத்துக்கு ஆம்புலன்ஸ் வரணும்னா இயக்குநர் கையெழுத்து வேணுமே” என்று அழகிரி சொன்னார். பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டார்.

லின்சி அதற்குள் மேஜையைச் சுற்றி ஓடியிருந்தாள். “தண்ணி குடுக்காதீங்க, தள்ளுங்க!” என்று கத்தினாள். தலைவரை முன்னால் குனிய வைத்து முதுகில் ஐந்து முறை தட்டினாள். பலனில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக இழுத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது முறை ஒரு வடைத் துண்டு வெளியே பறந்து, திறந்திருந்த கோப்பில் லின்சியின் ஒரிஜினல் சான்றிதழ் மேல் போய் விழுந்தது.

தலைவர் இரைக்க இரைக்க மூச்சை இழுத்தார். லின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “என் பொண்ணைக் கூப்பிடணும்னு நினைக்கிறேன், மூச்சு வரலம்மா. அவ பேரு வாய்க்குள்ளயே நிக்குது” என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் மேடைத் தமிழில் பேசவில்லை. லின்சிக்கும் கண் கலங்கியது. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தபடியே நின்றாள்.

காபி ஆறிய பிறகு, தலைவர் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்கள் இப்போது செய்தது என்ன?”

இனி ஒரு பிரச்சினையும் இருக்காது என்று லின்சிக்குப் பட்டது. “இதுதான் மேடம் பேசிக் லைஃப் சப்போர்ட்” என்றாள், சிரித்துக்கொண்டே.

“பேசிக்கா?”

“ஆமா மேடம்.”

தலைவர் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“சற்றுமுன் காப்பாற்றப்பட்டது ஒரு மண்டல இயக்குநரின் உயிர். அதைக் காப்பாற்ற அடிப்படைப் பயிற்சியே போதுமானதாக இருந்தது என்று இந்த ஆணையத்தின் ஆவணத்தில் பதிவாகலாமா? இன்று பயிற்சியை அடிப்படை என்பார்கள். நாளை உயிரையே அடிப்படை என்பார்கள். இந்தப் பதவிக்கு உள்ள மதிப்பு என்னாவது? எனக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.”

“பரமம்னு போட்டுடலாம்” என்றார் கோவிந்தாச்சாரி. “லத்தீன்ல சுப்ரெமும்னு சொல்லுவா. இந்தப் பொண்ணு பேசிக்குக்கு ஒரு ஓ போட்டுத்தானே ஸ்பானிஷ் ஆக்கியிருக்கா. சுப்ரெமோ.”

“சுப்ரெமா” என்று திருத்தினார் தலைவர். பெண்பால்.

“மேடம், வேணாம் மேடம்” லின்சி கையெடுத்துக் கும்பிட்டாள். “நான் படிச்சது ஆறு மணி நேரம். பேசிக்னே போடுங்க. பெரிசா ஏதோ படிச்சவன்னு நம்பி, எனக்குத் தெரியாத வேலைல அங்க ஒரு நோயாளிய என் கையில குடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?”

தலைவர் நெகிழ்ந்துபோனார். “விண்ணப்பதாரரின் தன்னடக்கத்தையும் பதிவு செய்யுங்கள்.”

அழகிரி பதிவு செய்தார். மொழிபெயர்ப்பில் ‘சுப்ரெமா’ என்று வருவதால், ஆங்கில மூலத்தையும் அதற்கேற்ப உயர்த்தித் திருத்த வேண்டியிருந்தது. அதற்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். எட்டு வாரம்.

வெளியே வந்ததும் லின்சி அழகிரியைப் பிடித்துக்கொண்டாள். “சார், எனக்கு முத்திரையே வேணாம். ஒரிஜினலைக் குடுத்துடுங்க, போயிடறேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “என் கையில இருந்தா நவம்பர்லயே குடுத்திருப்பேன்மா. இப்ப அதுல வடை பட்டிருக்கு. சம்பவத்துக்கு அதான் ஆதாரம். ஆதாரத்தை எப்படி வெளிய விடறது?”

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது லின்சி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதாள். சம்ரீன் மடியில் போனை வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“அந்த இல்லத்துக்கு நேரா மெயில் போடறேன்.”

“ஐயோ, நேரடியா எழுதவே கூடாதுன்னு ஏஜென்ட் சொல்லியிருக்காரு.”

“அனுப்பிட்டேன்” என்றாள் சம்ரீன்.

நான்கு வரிக் கடிதம். அவர்கள் பாலக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே பதில் வந்துவிட்டது. இல்லத்தின் நிர்வாகி பிலார் என்ற பெண்மணி எழுதியிருந்தார். சம்ரீன் படித்துத் தமிழில் சொன்னாள்: “‘அன்புள்ள லின்சி, அந்தப் பயிற்சியை இங்கே வருஷா வருஷம் எல்லாருக்கும் நாங்களே நடத்தறோம். வந்த முதல் வாரம் படிச்சுக்கலாம். அந்தச் சான்றிதழ் எங்க பட்டியல்ல தவறுதலா சேர்ந்துடுச்சு, மன்னிக்கணும். குளிரா இருக்கும், ஸ்வெட்டர் கொண்டு வாங்க.’”

லின்சி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். சிரிப்பதா, நவம்பர் மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணி அழுவதா என்று தெரியவில்லை. “இன்னொரு தடவ படிங்கக்கா” என்றாள்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி அவள் விமானம் ஏறினாள். வலென்சியாவில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு பேரோடு சேர்ந்து ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தி, மாலை நான்கு மணிக்குச் சான்றிதழ் வாங்கினாள். அதில் ‘பாஸிகோ’ என்று, தலையில் கோட்டோடு, அழகாக அச்சிட்டிருந்தது.

திருச்சியில் திரு. பேசிக்குக் கடிதங்கள் நிற்கவில்லை. ஏப்ரலில் நேரில் ஆஜராகச் சொன்னார்கள். மே மாதம் ஆஜராகாததற்கு விளக்கம் கேட்டார்கள். “அவரு வெளியூரு போயிருக்காருன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குதுடி” என்று லூர்துராணி போனில் புலம்பினாள். லின்சி உட்கார்ந்து ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். தனக்கு இப்போது மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்றும், கோப்பை முடித்து ஒரிஜினலைத் தன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். ‘பேசிக்’ என்பதற்கு ஸ்பானிஷ் சொல் என்ன என்பதற்கு ஸ்பானியர்களே கொடுத்த அத்தாட்சியாக, புதுச் சான்றிதழின் நகலையும் இணைத்தாள்.

ஜூன் கடைசியில் பதில் வந்தது. லின்சி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பிரித்தாள். ‘தாங்கள் இணைத்துள்ள ஆவணம் ஸ்பானிஷ் மொழியில் இருப்பதால் அதிலுள்ள விவரத்தை அறிய இயலவில்லை. அதில் வரும் ‘பாஸிகோ’ என்ற சொல்லுக்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தெரிவித்து, அச்சொல்லுக்கு ஆணையத்தின் அங்கீகாரம் பெற்று, படிவம் ஒன்பதில் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்கவும்.’

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த தோன்யா கொன்சுவேலோ கண் விழித்தார். எண்பத்தெட்டு வயது. அந்த மாதம் முழுக்க லின்சியின் பொறுப்பில் இருந்தவர். லின்சிக்கு அவரிடம் தனிப் பிரியம் உண்டு.

“எதற்குச் சிரிக்கிறாய், மகளே?”

லின்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் முழுக் கதையையும் சொன்னாள். சொற்பட்டியல், கோடு, வடை, சுப்ரெமா, கடைசியாக இப்போது வந்த கடிதம். வார்த்தை கிடைக்காத இடங்களில் கையால் செய்து காட்டினாள். கிழவி ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, தமிழ் எழுத்தில் இருந்த அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“நான் இந்த ஊர் நகராட்சியில் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன், தெரியுமா?” என்றார்.

“தெரியாதே.”

“இவர்கள் எழுதியதில் என்ன தவறு? வேற்று மொழிக் காகிதத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் ஒரே ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாய். நானாக இருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டேன். நல்ல மனிதர்கள்.” அவர் கண்ணாடியைக் கழற்றி, லின்சியைக் கண்டிப்பும் கனிவுமாகப் பார்த்தார். “போய்ப் பேனா எடுத்துவா. அந்தக் கோட்டை நோட்டரியிடம் காட்டியதாகச் சொன்னாயே, அந்தக் காகிதத்துக்கு நகல் வைத்திருக்கிறாயா, இல்லையா?”

லின்சி பேனா எடுக்கப் போனாள்.